ஏழாம் நம்பர் பெட்டி

அத்தியாயம் 9

"அந்தப் பெட்டியைத் திறக்காதேங்கோ" என்று கஜந்தினி சொல்லி முடிப்பதற்குள் ஜனார்த்தன் அதைத் திறந்துவிட்டான். அவன் கை அப்படிப்பட்ட கை. திருச்சியில் பிறந்து, ஆக்லாந்தில் பன்னிரண்டு வருஷம் டாக்ஸி ஓட்டி, அதில் முதுகு போய், கடைசியில் எல்லர்ஸ்லியில் துப்பறியும் தொழில் செய்யும் கஜந்தினிக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தவன். எதைத் தொடாதே என்கிறார்களோ அதைத் தொட்டுப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

பெட்டி அலறத் தொடங்கியது. ஆளில்லாத மண்டபம், வழவழவென்ற தரை, நாலு பக்கமும் வெறும் சுவர். அந்த வீறிடல் சுவரில் மோதித் திரும்பி வந்து காதைக் குடைந்தது. சரியாக அரை நிமிஷம் கழித்துத் தானாக நின்றது. அதுவரை ஜனார்த்தன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நான் எதையும் எடுக்கல மேடம். எடுக்கறதுக்கு உள்ளே ஒண்ணும் இல்ல."

உண்மைதான். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், செருப்புப் பெட்டி அளவில், நெற்றியில் ஏழாம் எண்ணோடு தொங்கிய அந்த மஞ்சள் பெட்டி துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது.

"நாலு இருக்கணும். போன சனிக்கிழமை நானே வச்சேன்" என்றாள் உஷா. வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழச்சி, நர்ஸ். லோக்கல் போர்டு என்கிற இந்த வட்டாரத்து உள்ளாட்சி மன்றம் நடத்தும் போதை ஒழிப்புத் திட்டத்துக்குப் பொறுப்பு.

நாலு என்று அவள் சொன்னது மூக்கில் அடிக்கிற மருந்தை. வலி மாத்திரையோ, வேறு எதுவோ, அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டு மூச்சு அடங்கிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு மூக்குத் துளையில் ஒரு தரம் அடித்தால் போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும்.

இதற்குக் காசு வந்த கதை கசப்பான கதை. 'பழக்கமாகாது, தைரியமாகப் போடுங்கள்' என்று சொல்லி ஒரு கம்பெனி வலி மாத்திரை விற்றது. பழக்கமாகிவிட்டது. ஆட்கள் செத்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது, கம்பெனி சமரசத்துக்கு வந்து இழப்பீடு கட்டியது. அதில் ஒரு பங்கு இந்த போர்டுக்கு வந்து சேர்ந்தது, போதைப் பழக்கத்தை எதிர்க்க மட்டுமே செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதில் உஷா பதினோரு இடங்களில் மஞ்சள் பெட்டி மாட்டினாள். பழக்கத்திலிருந்து மீண்டு வந்த இரண்டு பேரை வேலைக்கு வைத்து வீடு வீடாக அனுப்பினாள். விரி என்ற தொழிற்பேட்டையில் சாமான் கிடங்குகளின் சாப்பாட்டு அறைகளில் போய் உட்கார்ந்து பேசினாள்.

"செத்தவங்க பேர்ல வந்த காசு லா இது. தப்பா ஒரு செண்ட் போகக்கூடாதுன்னு பயந்து பயந்து செய்யறேன்" என்றாள் உஷா. "மத்த பத்துப் பெட்டியும் ஒழுங்கா இருக்கு. இந்த ஏழாம் நம்பர் மட்டும் ஒன்றரை வருஷத்துல பதினாலு தடவை காலி. போர்டுல ஒருத்தர் இருக்கார், இந்தப் பணத்துல தெருவுக்குத் தெரு கேமரா வைக்கணும்னு."

"கேமரா கட்சி" என்றான் ஜனார்த்தன்.

"அவர்தான். அவர் கேக்கறதுல நியாயம் இருக்கு, அதான் கஷ்டம். இந்த மண்டபத்தை எடுக்கறது பெரும்பாலும் தமிழ் ஆளுங்க. ஆனா போதையில செத்த தமிழர் எத்தனைன்னு பார்த்தா, குடும்பங்கள் சொல்றதை வச்சு நாங்க எழுதற தாள்ல பூஜ்யம். ஒருத்தரும் இல்ல. தேவையே இல்லாத இடத்துல மருந்து காணாமப் போனா, எடுத்து விக்கறாங்கன்னுதானே அர்த்தம்ங்கறார். நாளைக்கு ஒரு மணிக்குக் கூட்டம். யார் எடுக்கறாங்கன்னு நான் சொல்லணும். சொல்லலைன்னா பதினோரு பெட்டியையும் கழட்டிடுவாங்க. அந்த ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். அப்புறம் கேமராதான்."

செத்துக்கொண்டிருப்பவனைக் கேமரா என்ன செய்யும், படம் பிடிக்கும் என்று சொல்ல ஜனார்த்தனுக்கு வாய் வந்தது. உஷாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

கஜந்தினி யாழ்ப்பாணத்துக்காரி, முப்பத்தெட்டு வயது, காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து தனியாக வந்தவள். சிரிப்பு அவளிடம் முன்பே கொஞ்சம்தான். போன வருஷம் ஏப்ரலில் தம்பி கீதன் முப்பத்தொரு வயதில் மாரடைப்பால் போனதிலிருந்து அதுவும் இல்லை. சுவரில் தொங்கிய மண்டபத்து முன்பதிவுப் புத்தகத்தை எடுத்து, உஷா கொடுத்த பதினாலு தேதிகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"பதினாலும் ஞாயிறு. பதினாலும் முப்பத்தொண்டு."

யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடித்து எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். போகும்போது இறந்தவரின் படமும் வரலாறும் அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் ஒன்றும், ஞாபகப் பொருளாக ஒரு பாத்திரமும் பையில் போட்டுக் கொடுப்பார்கள். ஜனார்த்தன் இப்படி ஏழெட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். கீதனுடையது உட்பட.

"என்ன திருடன் மேடம் இவன்? கல்யாணத்துல எடுக்கலாம்ல. டிஜே போடற சத்தத்துல இந்தப் பெட்டி கத்தினா யாருக்குக் கேக்கும்? துக்க சாப்பாட்டுல அப்பளம் நொறுங்கினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். சத்தத்துக்குப் பயமில்லாத கள்ளன்" என்றாள் கஜந்தினி. "உஷா, உங்களிட்ட வேற என்ன இருக்கு?"

இருந்தது ஒன்றே ஒன்று. பத்து நாளுக்கு முன் புக்கெகோஹி என்ற பக்கத்து ஊரில் ஒரு காய்கறி பொதி செய்யும் ஷெட்டில், கார் நிறுத்துமிடத்தில் ஒரு தொழிலாளி நினைவிழந்து விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தீர்ந்துபோன மருந்து கிடந்தது. அதன் அடியில் ஏழு என்ற ஒட்டுத்தாள்.

புக்கெகோஹிக்குப் போகும் வழியெல்லாம் மழை. ஜனார்த்தன்தான் ஓட்டினான். தன் முதுகைப் பற்றியும், பெட்ரோல் விலையைப் பற்றியும், கேமரா கட்சியைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். இரண்டு இருபதுக்கு கஜந்தினியின் கைப்பைக்குள் ஒரு போன் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை.

அது கீதனின் போன். விரியில் மூன்று மணி ஷிப்டுக்குக் கிளம்ப அவன் வைத்திருந்த அலாரம். பதினாலு மாசமாக அந்த போனைச் சார்ஜ் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். தினமும் இரண்டு இருபதுக்கு அது எழுப்பும், எழுந்திருக்க வேண்டியவன் இல்லை. முதல் தடவை கேட்டபோது ஜனார்த்தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டான். இப்போதும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவன் வாயைத் திறப்பதில்லை.

ஷெட்டில் வெங்காய வாசனை மூக்கைத் துளைத்தது. மேற்பார்வையாளர் யசீகரன் என்ற தமிழர், நாற்பது வயதிருக்கும். கஜந்தினியைக் கண்டதும் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார்.

"கீதன்ர அக்காவோ? நாங்கள் விரியில ஒண்டா வேலை செய்தனாங்கள். செத்தவீட்டுக்கும் வந்தனான்."

"மருந்து உங்களிட்ட எப்பிடி வந்தது?"

மனுஷன் சுற்றி வளைக்கவில்லை. "ஆரோ தந்தது. அந்தப் பிள்ளை நிலத்தில நீலம் பாரிச்சுக் கிடந்தது. நான் அடிச்சன். எழும்பீட்டுது. இதில என்ன பிழை?"

"பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல அண்ணை. ஆர் தந்தது எண்டுதான் கேக்கிறன்."

அவர் பேசாமல் தன் சிறிய அறைக்குள் போய், மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து வந்தார். உள்ளே மூடி போட்ட எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. மூடியில் இறந்துபோன ஒருவரின் பெயரும் தேதிகளும் பொறித்திருந்தன. பையின் காதில் அட்டைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது, அதில் கறுப்பு மையில் 'யசீகரன் குடும்பம்'.

"முப்பத்தொண்டுக்குப் போனன். வரேக்க இதைத் தந்தவை. வீட்டை வந்து திறந்தால் பெட்டிக்குள்ள மருந்தும் எப்பிடிப் பாவிக்கிறது எண்டு தமிழில ஒரு துண்டும். நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல. இந்த ஷெட்டில நாலு பேர் முதுகு நோவுக்கு மாத்திரை எடுக்கத் தொடங்கி, இப்ப விடேலாமல் கிடக்கினம். அது எனக்குத் தெரியும். வேற ஆருக்கோவும் அது தெரிஞ்சிருக்கு."

"தந்தது ஆர்?"

"அதை நான் சொன்னால் நாளைக்கு இன்னொருத்தருக்குக் கிடையாது." அவர் கஜந்தினியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, உங்களுக்கும் வந்திருக்குமே."

கஜந்தினி முகம் சுருங்கியது. "எனக்கேன் வருது?"

யசீகரன் தாள்களை எடுத்துக்கொண்டு வெங்காயத்துப் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான், கதவைச் சாத்தியது போல.

காரில் ஏறியதும் ஜனார்த்தன் சொன்னான்: "போச்சு மேடம். ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்கு. என் மாமியார் வீட்ல கூட இவ்வளவு ஒத்துமை கிடையாது."

"அந்தப் பை எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே ஜனா?"

"ஆமா. அதே டப்பா, அதே புக்கு. எங்க வீட்ல மூணு இருக்கு. பருப்பு போட்டு வச்சிருக்கா என் பொண்டாட்டி."

"எல்லாருக்கும் ஒரே சாமான் எண்டால், பையில பேர் ஏன் எழுதோணும்?"

ஜனார்த்தன் சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அட, ஆமாம். கல்யாணத் தாம்பூலப் பையில் எவனாவது பெயர் எழுதுவானா? பெயர் எழுதினால் பைக்குப் பை வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். அவன் வீட்டுப் பைகளில் பெயரே இல்லை, டப்பாவில் பருப்புதான். மற்றொருவன் டப்பாவில் உயிர் இருந்திருக்கிறது.

"அப்ப பையைக் கட்டற ஆள்தான்" என்றான்.

"ஓம். பதினாலு வீட்டுக்கும் கட்டின ஒரே ஆள்." கஜந்தினி தன் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கீதனின் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள். அடியில் பொடி எழுத்து: அச்சும் பொதியும், ரதி பதிப்பகம், மனுரேவா. "ஆக்லாந்தில இந்த வேலைக்கு இருக்கிறது இவ ஒராள்தான்."

ரதிதேவி முன்னறையையே அச்சகமாக்கி வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, தரை முழுக்கத் துணிப் பைகள். உள்ளே போக ஒற்றையடிப் பாதை. கஜந்தினியைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆச்சரியப்படவில்லை.

"வருவீங்கள் எண்டு தெரியும். இவ்வளவு நாள் செல்லும் எண்டு நினைக்கேல்ல. இருங்கோ பிள்ளை."

"நீங்கள்தானே பெட்டியில எடுக்கிறது?"

"ஓம், நான்தான்."

ஜனார்த்தனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு மறுப்பு, ஒரு கண்ணீர், ஒன்றும் இல்லையா? "அம்மா, அது கத்துமே. அத்தனை பேர் சாப்பிடும்போது எப்படி எடுத்தீங்க?"

"கத்தும். நூற்றைம்பது பேரும் கேப்பினம். ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம். குனிஞ்சு சோறு தின்னுவினம்." ரதிதேவி கண்ணாடியைக் கழற்றினார். "முதல் தரம் பயந்தனான். பிறகு விளங்கீட்டுது, எல்லாருக்கும் தெரியும். ஆர் எடுக்கிறது, ஆற்ற வீட்டுக்குப் போகுது, ஏன் போகுது, எல்லாம் தெரியும். வாயால சொல்ல மட்டும்தான் ஏலாது."

எத்தனை பெரிய மௌனம் அது. ஜனார்த்தன் தானும் அந்த மண்டபத்தில் ரசம் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டே அந்த வீறிடலைக் கேட்டதை இப்போது நினைத்தான். சமையலறையில் ஏதோ மெஷின் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. பக்கத்து இலைக்காரர் ஏன் அப்படிக் கவனமாக இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்று தோன்றவில்லை.

"உஷாவிட்டக் கேட்டா சும்மா தருவாதானே?" என்றாள் கஜந்தினி.

"தருவா. நிரப்பச் சொல்லி ஒரு போமும் தருவா. பேர், விலாசம், என்ன இனம். எங்கட சனம் அதில எழுதுமோ? மருந்துக்கு எழுதினால் வீட்டில மருந்து தேவைப்படுற ஆள் இருக்கு எண்டு வந்திடும். பெட்டைக்குக் கலியாணம் பேசேலாது. பெடியனுக்கு விசா என்னாகுமோ எண்டு பயம். சுவரில இருந்து எடுத்தால் போம் இல்லை." அவர் ஒரு பையை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். "கல்வெட்டு அடிக்கிறவளுக்கு உண்மை சொல்லித்தான் ஆகோணும் பிள்ளை. எதை எழுதக்கூடாது எண்டு சொல்லுறதுக்காக எண்டாலும் சொல்லுவினம். இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு மாரடைப்பு எண்டு அடிச்சனான். பிறகு இன்னொண்டு, இருபத்தொன்பது. அதுக்கும் மாரடைப்பு. என்ர கையாலதான் அடிச்சனான். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. இப்ப ஒன்பது வீட்டுக்குத் தீரத் தீரக் குடுத்துக்கொண்டிருக்கிறன். அந்த ஒன்பதிலயும் ஆள் உயிரோட இருக்கு, ஒரு வீட்டைத் தவிர."

"நாளைக்கு ஒரு மணிக்கு நான் ஒரு பேர் சொல்லோணும். இல்லாட்டிப் பெட்டி எல்லாத்தையும் கழட்டுவினம்."

"என்ர பேரைச் சொல்லுங்கோ. வீட்டுப் பேருகளைக் கேக்கக்கூடாது."

"பேர் இல்லாமல் நம்பமாட்டினம். எங்களில செத்தது பூச்சியம் எண்டு எழுதி வைச்சிருக்கினம்."

"அந்தப் பூச்சியத்தை எழுதினது வெள்ளைக்காரன் இல்லைப் பிள்ளை. நீங்களும் நானும்தான்." ரதிதேவி குரலை உயர்த்தவில்லை. "உங்கட தம்பிக்கும் மாரடைப்பு எண்டுதானே நீங்கள் எனக்கு ஈமெயில் போட்டனீங்கள்."

ஜனார்த்தன் கஜந்தினியைப் பார்த்தான். கீதனின் சவப்பெட்டியில் ஒரு கை பிடித்தவன் அவன். சின்ன வயசுல இதயம் இப்படி நிக்குமா என்று மனைவியிடம் ஒரு வாரம் புலம்பியவன். கஜந்தினி மறுக்கவில்லை. தரையில் கிடந்த பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரியில முதுகில பெட்டி விழுந்தது" என்றாள் கடைசியில். யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "டொக்டர் மாத்திரை குடுத்தார். பிறகு டொக்டர் நிப்பாட்டினார். அவன் நிப்பாட்டேல்ல. எனக்குத் தெரியும் ஜனா. முழுக்கத் தெரியும்."

ரதிதேவி பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டார். "அந்த ஒரு வீடு எது எண்டு நான் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். ஆனால் நீங்கள் இப்ப கேட்டு வந்திட்டீங்கள். நவரத்தினம் ஐயான்ர முப்பத்தொண்டுக்கு வந்தனீங்கள். யசீகரன் அதுக்கு முதல் கிழமைதான் கீதனைப் பற்றி எனக்குச் சொன்னவர். உங்கட பேர் எழுதி, நானே வாசலில நிண்டு உங்கட கையில தந்தனான். அவன் போனது அதுக்கு மூண்டு கிழமைக்குப் பிறகு. நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறன், ஏன் அது வேலை செய்யேல்ல எண்டு."

கஜந்தினி எழுந்து, பைகளை மிதித்துக்கொண்டே வெளியே போனாள். அவள் எதையும் மிதித்து ஜனார்த்தன் பார்த்ததில்லை.

மவுண்ட் ரொஸ்கிலில் அவள் வீடு. கராஜைத் தட்டி அடைத்து அறையாக்கி அதில்தான் கீதன் இருந்தான். ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஜனார்த்தன் ஸ்விட்சைப் போட்டான். கட்டில், மடித்த போர்வை, ஆணியில் ஷிப்டுக்குப் போடும் மஞ்சள் சட்டை. பதினாலு மாசத்துத் தூசி இல்லை. தினமும் துடைக்கிறாள் போலிருக்கிறது.

"செத்தவீட்டுச் சாமானை வீட்டுக்குள்ள எடுக்கக்கூடாது எண்டு அம்மா சின்னனில இருந்தே சொல்லுவா" என்றாள் கஜந்தினி. "எனக்கு அதில நம்பிக்கை இல்லை. ஆனாலும் உள்ள கொண்டு போகேல்ல. இஞ்ச வைச்சன்."

கட்டிலின் தலைமாட்டில் பெயின்ட் டப்பாக்கள் வைத்த தட்டு. அதன் மேல் அடுக்கில், அவள் கை நீட்டி எடுத்த இடத்தில், அந்தத் துணிப் பை இருந்தது. அட்டையில் 'கஜந்தினி, கீதன்'. முடிச்சு போட்டபடியே இருந்தது, ஒருவரும் அவிழ்க்கவில்லை.

அவள் அவிழ்த்தாள். எவர்சில்வர் பெட்டி, மூடியில் நவரத்தினம் ஐயாவின் பெயர். மூடியைத் திறந்தாள். உள்ளே மருந்து, பிரிக்காத உறைக்குள். அடியில் ஏழு. அதன் மேல் ஒரு துண்டுத் தாளில் தமிழில்: ஒரு மூக்குத் துளையில் வைத்து முழுதாக அழுத்தவும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவும், பக்கத்திலேயே இருக்கவும்.

கட்டிலுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு எட்டு தூரம் இருக்கும். ஒரு எட்டுக்கும் குறைவு. ஜனார்த்தன் அதை மனசுக்குள் அளந்துவிட்டு, ஏன் அளந்தோம் என்று தன்னைத்தானே சபித்தான்.

"அவன்ர மூச்சு குறட்டை மாதிரிக் கேட்டது" என்றாள் அவள். "நல்லா நித்திரை கொள்ளுறான் எண்டு நினைச்சு, கதவை மெல்லச் சாத்திப்போட்டுப் போனனான்."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ஜனார்த்தன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், முதுகு வலிக்க வலிக்க. அவள் எழுந்திருக்கும்வரை அவனும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு போர்டு கூடியது. உஷா முன்வரிசையில் கை பிசைந்துகொண்டிருந்தாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு தமிழர்கள். ரதிதேவி, வேலைச் சட்டையோடு யசீகரன், இன்னும் சில முகங்கள். கூட்டம் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். கஜந்தினி எழுந்து போனாள்.

"பெட்டியிலிருந்து எடுத்தவர் பெயர் வேண்டும் என்றீர்கள்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "மருந்தை யாரும் விற்கவில்லை. ஒன்றைக்கூட. போம் நிரப்பப் பயந்த வீடுகளுக்குப் போயிருக்கின்றன. ஒரு உயிர் புக்கெகோஹியில் காப்பாற்றப்பட்டது உங்களுக்குத் தெரியும். மற்ற வீடுகளை நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு உரிமையுள்ள வீடு ஒன்றுதான்."

அவள் மருந்தை மேசைமேல் வைத்தாள், பிரிக்காத உறையோடு.

"இது என் வீட்டுக்கு வந்தது. என் தம்பி கீதன், முப்பத்தொரு வயது, வலி மாத்திரையால் இறந்தான். மாரடைப்பு என்று அறிவித்தல் எழுதியது நான். இதைத் திறக்காமல் வைத்ததும் நான். உங்கள் தாளில் தமிழருக்குப் பூஜ்யம் என்று இருக்கிறது. அதை ஒன்று என்று திருத்துங்கள். திருட்டுக்குப் பெயர் வேண்டுமானால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்."

கேமரா கட்சிக்காரர் பேனாவை மூடி வைத்தார். அவர் கேட்ட ஒரே கேள்வி, போம் இல்லாமல் கொடுத்தால் எத்தனை வீடு வாங்கும் என்பது. உஷா எழுந்து பின்வரிசைத் தமிழர்களைக் கைகாட்டினாள். போர்டின் ஏழு பேரில் ஐந்து பேர் பெட்டிகள் இருக்கட்டும் என்றார்கள், போமை எடுத்துவிடுங்கள் என்றும் சேர்த்து எழுதினார்கள். கேமரா கட்சிக்காரர் அந்த ஐந்தில் ஒருவர்.

வெளியே யாரும் கைதட்டவில்லை. தமிழர்கள், செத்தவீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போல, போய் வருகிறேன் என்று சொல்லாமலே கலைந்தார்கள். ஜனார்த்தன் காரைத் திறந்தான். கஜந்தினி பெல்ட்டைக்கூட மாட்டவில்லை, போனை எடுத்துவிட்டாள்.

"யாழ்ப்பாணத்தில இப்ப காலமை ஏழரை. இது வாட்ஸ்அப்பில அங்க போய்ச் சேர முதல் நான் சொல்லோணும். அம்மாவுக்கும் மாரடைப்பு எண்டுதான் சொன்னனான்."

"நான் வெளியே நிக்கறேன் மேடம்."

"வேண்டாம் ஜனா. இருங்கோ."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். "என்ன பிள்ளை இந்த நேரத்தில? வேலை இல்லையோ?"

"அம்மா, கீதன்ர கதை ஒண்டு சொல்லோணும். அவன் எப்பிடிச் செத்தவன் எண்டு."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "இரு. பக்கத்து வீட்டுச் சனம் முற்றத்தில நிக்குது. கதவைச் சாத்திப்போட்டு வாறன்."

"சாத்தாதேங்கோ அம்மா" என்றாள் கஜந்தினி. "திறந்தே கிடக்கட்டும்."

செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வீதியில் போனது ஆக்லாந்து வரை கேட்டது. அம்மாவின் நாற்காலி மறுபடி நகர்ந்தது.

"சரி, சொல்லு பிள்ளை" என்றார்.